என்னத்தாலை செத்தவன் எண்டு எழுதுவினம்?

கிழமையில் இரண்டு தடவை காலையில் நாம் ஜான்-டலோன் சந்தைக்குப் போவது வழக்கம். வேலைசெய்யும் உணவகத்துக்குத் தக்காளி, கத்தரிக்காய், வெங்காயம், மல்லித்தழை என்று பெட்டிபெட்டியாக வாங்க வேண்டும். முதலாளி விலை பேசுவார், நாம் தூக்குவோம். 1933 இல் தொடங்கப்பட்ட சந்தை அது. இத்தாலியர் நிறைந்த பகுதியில் இருக்கிறது. மேற்கே, நடந்து போகக்கூடிய தூரத்தில், எம்மவர் வாழும் பார்க் எக்ஸ்டென்சன். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் எங்கள் ஊர்ப் பெண்கள் உருட்டும் பையை இழுத்துக்கொண்டு அங்கே வருவார்கள். வியாபாரிகள் வெட்டி நீட்டும் பழத்துண்டை வாங்கி ருசி பார்ப்பார்கள். ஆனால் வாங்குவது கத்தரிக்காயும் பச்சை மிளகாயும்தான்.

2025 புரட்டாதியில் ஒரு காலை அங்கே எம்மூர் மாமி ஒருவரைச் சந்தித்தோம். உறவில் மாமி அல்ல, ஊர்முறையில் மாமி. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். மூத்த மகன் கூப்பிட்டு இங்கே வந்திருக்கிறார். இளைய மகனை 1996 ஆவணியில் ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் கொண்டுபோனது. பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவனுடைய அம்மம்மா அவன் பெயருக்கு எழுதிவைத்த இரண்டு பரப்புக் காணி ஊரிலே கிடக்கிறது. அதை மாற்றி எழுத மகள் அலைகிறாள். இறந்துவிட்டான் என்று பதியுங்கள், அல்லது காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுங்கள், இரண்டில் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"மோனை, நீ கம்பசிலை படிச்சனியெல்லே. ஒண்டு கேக்கிறன், சொல்லு. செத்தவன் எண்டு பதிஞ்சால், என்னத்தாலை செத்தவன் எண்டு எழுதுவினம்? வெடியோ, அடியோ, பசியோ?"

முதலாளி கூப்பிட்டார். "பிறகு வாறன் மாமி" என்று சொல்லித் தக்காளிப் பெட்டியைத் தூக்கினோம். பிறகு போகவில்லை. அன்று குசினியில் நின்ற பத்து மணித்தியாலமும் அந்தக் கேள்வி கூடவே நின்றது.

நாம் படித்தது கொஞ்சம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கத் தொடங்கி, இரண்டாம் வருடத்தோடு 2010 இல் நாட்டை விட்டு வந்தவர்கள் நாம். சட்டம் படித்ததில்லை. ஆனாலும் மாமியின் கேள்வி சட்டத்தின் பழைய கேள்விகளில் ஒன்று என்பது தெரியும். உடலே இல்லாதபோது, அல்லது உடல் இருந்தும் அது எப்படி இறந்தது என்று வைத்தியரால் சொல்ல முடியாதபோது, கொலை நடந்தது என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்லி ஒருவரைத் தண்டிக்கலாமா?

கூடாது என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கதை உண்டு. 1660 ஓகஸ்டில் காம்டன் என்ற சிற்றூரில் வில்லியம் ஹாரிசன் என்ற முதியவர் வாடகைப் பணம் வாங்கப் போனார், திரும்பவில்லை. அவருடைய தொப்பியும் கழுத்துப் பட்டியும் வெட்டுப்பட்டு, இரத்தக் கறையோடு வீதியில் கிடந்தன. வேலைக்காரன் ஜோன் பெரி, தன் தாயும் தமையனும் அவரைக் கொன்றதாகச் சொன்னான். உடல் கிடைக்கவில்லை. 1661 இல் மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். 1662 இல் ஹாரிசன் உயிரோடு திரும்பி வந்தார். தன்னைக் கடத்திக்கொண்டுபோய்த் துருக்கியில் அடிமையாக விற்றார்கள் என்று அவர் கதை சொன்னார். ஜோன் பெரி ஏன் அப்படியொரு பொய்யைச் சொல்லித் தானும் செத்தான் என்பது இன்றுவரை விளங்காத மர்மம். அந்த நூற்றாண்டின் பெரிய நீதிபதி மத்தியூ ஹேல், கொலை நடந்தது நிரூபிக்கப்பட்டாலன்றி, குறைந்தது உடலாவது கிடைத்தாலன்றிக் கொலைக்குற்றத் தீர்ப்பு வழங்கமாட்டேன் என்ற கருத்தை எழுதிவைத்தார்.

நல்ல விதி. ஆனால் கொலைகாரனும் அந்த விதியைப் படிப்பான் அல்லவா? உடலை ஒழித்தால் குற்றமும் ஒழியும் என்று அது அவனுக்குச் சொல்லித் தருகிறது. மறு பக்கத்துக்கு இந்தியாவில் ஒரு வழக்கு. பூனாவில் லக்ஷ்மிபாய் கார்வே என்ற வசதியான விதவை இருந்தார். 1956 நவம்பர் 12 இரவு, வைத்தியர் அனந்த் சிந்தாமன் லகு அவரைப் பம்பாய்க்கு ரயிலில் அழைத்துப் போனார். மறுநாள் விடியற்காலையில் ரயில் போய்ச் சேர்ந்தபோது அவர் நினைவிழந்திருந்தார். வைத்தியர் அவரை அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்து, இந்துமதி பௌன்ஷே என்று வேறொரு பெயரைக் கொடுத்தார். அன்று முற்பகலே லக்ஷ்மிபாய் இறந்துபோனார். கேட்க ஆளில்லாத உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. பிரேத பரிசோதனை நடந்தது. இரசாயனப் பரிசோதனையில் விஷம் எதுவும் அகப்படவில்லை. நீரிழிவு மயக்கத்தால் மரணம் என்ற கருத்துத்தான் அப்போது பதிவானது.

வைத்தியர் பூனாவுக்குத் திரும்பினார். லக்ஷ்மிபாயின் பணத்தையும் சொத்தையும் மெல்ல மெல்லத் தன் கைக்கு மாற்றினார். அவர் மறுமணம் செய்து தூரத்து ஊரில் வாழ்வதாகச் சொல்லும் கடிதங்கள், அவர் பெயரில், உறவினருக்கும் தெரிந்தவர்களுக்கும் வந்தன. ஆனால் அவரை அறிந்தவர்கள் நம்பவில்லை. எங்கே அந்த மனுசி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1958 இல் வைத்தியர் பிடிபட்டார். 1959 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அவருடைய மரண தண்டனையை உறுதிசெய்தது. இன்ன விஷம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பொய்ப் பெயர், இறந்தவரைக் கேட்பாரற்ற பிணமாக விட்டுவந்தது, உயிரோடிருப்பதாக எழுதிய கடிதங்கள், சொத்து கைமாறிய விதம் ஆகிய இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் இயற்கை மரணம் என்ற கதவு மூடிவிடுகிறது என்று இரண்டு நீதிபதிகள் கண்டார்கள். மூன்றாமவர் உடன்படவில்லை. இயற்கையாக இறந்திருக்கலாம் என்ற கதவு இன்னும் சற்றுத் திறந்தே கிடக்கிறது என்பது அவர் பக்கம். அந்த மூன்றாமவரையும் நாம் மதிக்கிறோம். ஒரு மனிதனைத் தூக்குமேடைக்கு அனுப்புமுன் கடைசிக் கதவைத் தட்டிப் பார்க்க ஒருவராவது வேண்டும்.

பின்னாளில் 1991 இல், தமிழ்நாட்டிலிருந்து போன சேவகப் பெருமாள் வழக்கிலும் அதே நீதிமன்றம், உடல் கிடைக்க வேண்டும் என்பது கொலைக்குற்றத்துக்கு இன்றியமையாத நிபந்தனை அல்ல என்று சொன்னது. இன்று உலகின் பல நாட்டுச் சட்டங்கள் நிற்கும் இடம் இதுதான். வைத்தியச் சான்று ஒரு வழி. ஒரே வழி அல்ல.

லகு வழக்கைப் பற்றி யோசிக்கும்போது எமக்கு ஒன்று உறைக்கிறது. அங்கே உடல் பேசவில்லை. ஆனால் சுற்றியிருந்த மனிதர்கள் பேசினார்கள். உறவினர், அயலவர், ஆஸ்பத்திரியில் நின்றவர்கள் எல்லோரும் வந்து, தம் கண்ணால் கண்டதைத் தம் பெயரில் சொன்னார்கள். சந்தர்ப்ப சாட்சியம் என்று சட்டம் சொல்வது இதைத்தான். வைத்தியர் இல்லாமல் கொலையை நிரூபிக்கலாம். வாய் திறக்கிற மனிதர்கள் இல்லாமல் நிரூபிக்க முடியாது.

இனிச் செம்மணி. 1996 செப்ரெம்பர் 7 அன்று, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய மாணவி கிருசாந்தி குமாரசுவாமி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். தேடிப்போன தாய், தம்பி, அயலவர் ஆகிய மூவரும் திரும்பவில்லை. நான்கு உடல்களும் பின்னர் தோண்டி எடுக்கப்பட்டன. கொழும்பில் விசேட நீதிமன்றம் 1998 யூலையில் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. அப்போது தண்டனை பெற்றவர்களில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் இன்னும் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999 இல் தோண்டினார்கள். எடுத்தவை 15. அத்தோடு அந்தக் கதை அடங்கியது.

2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியவர்களின் கையில் எலும்பு தட்டுப்பட்டது. செப்ரெம்பர் வரையில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. சிறுவர்களுடையவையும் உண்டு. ஓர் எலும்புக்கூட்டோடு நீல நிறப் புத்தகப்பை கிடந்தது. ஓகஸ்டில், அங்கே எடுத்த துணிகளையும் பொருட்களையும் வரிசையாக வைத்து, யாருக்காவது தெரிகிறதா என்று உறவினர்களுக்குக் காட்டினார்கள். மாமியின் மகளும் போயிருக்கிறாள். தம்பி உடுத்திருந்த சேட்டு அதற்குள் இல்லை என்று அழுதாளாம். இல்லாததற்கு அழுதாளா, இல்லை என்ற ஆறுதலில் அழுதாளா என்று மாமிக்கும் தெரியவில்லை.

எலும்பு சிலதைச் சொல்லும், சிலதைச் சொல்லாது. குண்டு துளைத்த எலும்பு பேசும். முறிந்த எலும்பும் பேசும். ஆனால் கழுத்தை நெரித்ததையும், மூச்சை அடைத்ததையும், தண்ணீர் கொடுக்காமல் விட்டதையும் தாங்கிய தசை முப்பது வருடத்தில் மண்ணாகிவிடும். அநேகமான கூடுகளுக்கு இறப்பின் காரணத்தை வைத்தியர் எழுத முடியாமற் போகலாம். அப்போது, காரணம் தெரியவில்லை, ஆகவே குற்றமும் தெரியவில்லை என்று சொல்ல ஆட்கள் ஆயத்தமாக நிற்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலை லக்ஷ்மிபாய் வழக்கு தந்திருக்கிறது. ஒன்றரை அடி ஆழத்தில் புத்தகப்பையோடு ஒரு பிள்ளையைப் புதைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் எந்தச் சாதியிலும் எந்தச் சமயத்திலும் இல்லை. அந்தப் புதைப்பே ஒரு சாட்சி.

ஆனால் அதே மூச்சில் மன்னாரையும் நினைக்க வேண்டும். 2018 இல் மன்னார் நகரில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டபோது, அவை யாருடையவை என்ற தீர்ப்பை எம்மில் பலர் அன்றே எழுதிவிட்டோம். 2019 இல் வந்த காபன் ஆய்வு முடிவு, பரிசோதித்த எலும்புகள் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரையான காலத்தவை என்றது. அந்த ஆய்வைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன, எழலாம். ஆனாலும் கேள்வி கேட்பது வேறு, நாம் விரும்பாத பதில் வந்ததும் முகத்தைத் திருப்புவது வேறு. எமக்குச் சாதகமாக இருக்கும்போது மட்டும் சான்றை நம்புகிறவர்கள் சாட்சிகளாக நிற்க முடியாது.

மெய்யியல் வகுப்பில் அளவைகள் படித்தது நினைவுக்கு வருகிறது. அறிவு எந்த வழியால் வருகிறது என்ற ஆராய்ச்சி. காண்டல், கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் சொல்லும். மணிமேகலையில் சமயக்கணக்கர் காதையில் பட்டியல் இன்னும் நீளும். அதிலே அபாவம் என்று ஒன்று உண்டு, இல்லாமையை அறிதல். அருத்தாபத்தி என்று இன்னொன்றும் உண்டு. அதற்கு மீமாம்சகர் சொல்லும் உதாரணம் ஒன்றை அன்று சிரித்துக்கொண்டு கொப்பியில் எழுதினோம். தேவதத்தன் உயிரோடிருக்கிறான்; வீட்டில் இல்லை; ஆகவே அவன் வெளியே எங்கோ இருக்கிறான்.

எங்கள் தாய்மார் இருபத்தைந்து முப்பது வருடமாகச் செய்வது இந்த அருத்தாபத்திதான். மகன் உயிரோடிருக்கிறான், வீட்டில் இல்லை, ஆகவே எங்கோ ஒரு முகாமில் இருக்கிறான். தர்க்கத்தில் பிழையில்லை. முதல் வாக்கியம் மட்டும் தளர்ந்துபோனது. அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி அரசாங்கம் 2010 இல் ஒரு சட்டம் செய்தது; காணாமற்போனவர்களை இறந்தவர்களாகப் பதிய அது வழிசெய்தது. 2016 இல் அதைத் திருத்தி, இறந்தான் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழையும் தந்தது. நாம் வாழும் கியூபெக்கின் குடியியல் சட்டக்கோவையும், காணாமற்போனவரை ஏழு வருடம் உயிரோடிருப்பவராகவே கொள்ளும். அதன் பிறகு நீதிமன்றத்தில் இறப்பை அறிவிக்கக் கேட்கலாம். சட்டங்களுக்கு ஏழு வருடத்தில் முடிவது தாய்க்கு முடிவதில்லை. காணிக்கு வாரிசு தேடும் சட்டம் கொலையாளியைத் தேடும் சட்டமல்ல என்பதும் அவளுக்குத் தெரியும். இறந்தான் என்று கையெழுத்து வைத்தால், எங்கே அவன் என்று கேட்கும் உரிமை கைநழுவிவிடும் என்று அவள் பயப்படுகிறாள். பூனாவில் உறவினர்கள் அந்தக் கடிதங்களை நம்பிப் பேசாமல் இருந்திருந்தால் அந்த வழக்கு எங்கே வந்திருக்கும்?

இவ்வளவும் எழுதியபின், எழுதத் தயங்கும் ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். நாம் பிறப்பதற்கு முன், எண்பதுகளின் நடுவில், எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு மனிதரை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருந்தார்கள். இராணுவம் அல்ல, எங்கள் பிள்ளைகள். கழுத்தில் ஒரு மட்டை தொங்கியது. எமது தகப்பனார் அந்த வழியால் வேலைக்குப் போனவர். அவர் எமக்குச் சொன்னது ஒரு சொல்தான்: "துரோகியாம்."

தமிழிலே இந்த 'ஆம்' ஒரு வினோதமான விகுதி. நான் காணவில்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு என்னுடையதல்ல என்ற மூன்றையும் ஓர் அசையில் சொல்லிவிடும். செத்தவனுடைய குற்றத்தை ஊர் முழுக்க இந்த விகுதியில்தான் பேசியது. துரோகியாம், காட்டிக்கொடுத்தவனாம், கனநாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தவையாம். எவரும் சாட்சியாக நின்றதில்லை. எவரும் பொய் சொன்னதுமில்லை. ஒரு மட்டையும் ஒரு விகுதியும் சேர்ந்து பிரேத பரிசோதனை, வழக்கு, தீர்ப்பு மூன்றையும் முடித்துவிட்டன. அந்த மனிதரின் மனைவியும் எங்கோ ஒரு சந்தையில் இன்று கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

நீதிமன்றத்தின் வேலை என்ன என்று எம்மைக் கேட்டால், வாக்கியத்திலிருந்து இந்த 'ஆம்' என்பதைக் கழற்றுவது என்போம். நீ கண்டாயா? எங்கே நின்றாய்? என்ன நேரம்? உன் பெயர் என்ன? வைத்தியர் இல்லாத வழக்கில் இந்தக் கேள்விகள் இன்னும் கடுமையாக வேண்டும், ஏனென்றால் அங்கே சொல்லைத் தவிர நிறுத்துப் பார்க்க வேறு அதிகம் இல்லை.

எமது அண்ணரின் கதை மறுதலையானது. 2007 இல் வீட்டுப் படலையில் வைத்துச் சுட்டார்கள். அவருக்கு வைத்தியச் சான்று பூரணமாக உண்டு. மரணத்துக்குக் காரணம் துப்பாக்கிச் சூட்டுக் காயம் என்று அழகான கையெழுத்தில் எழுதித் தந்தார்கள். சுட்டது யார் என்ற இடத்தில் இனந்தெரியாதோர். வந்தவர்களை ஒழுங்கையில் நாலு வீட்டார் கண்டார்கள். ஒருவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை, யன்னலால் கண்டவர்களில் நாமும் ஒருவர். காரணம் இருந்தது, வழக்கு இல்லை. மாமியிடம் வழக்கு இருக்கிறது, காரணம் இல்லை.

அதை நாம் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது இந்த நகரத்தில், அகதி விசாரணையில், மொழிபெயர்ப்பாளர் ஊடாக. கனடாவில் மல்டொனாடோ என்பவரின் வழக்கில் ஒரு கொள்கை சொல்லப்பட்டது. சத்தியம் செய்து சொல்லும் அகதியின் வார்த்தையை, சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை, உண்மை என்றே கொள்ள வேண்டும். அந்தக் கொள்கையின் நிழலில்தான் எம்மில் ஆயிரக்கணக்கானோர் இங்கே உயிர் வாழ்கிறோம். வெறும் சொல்லால் தப்பியவர்கள் நாம். அதனால் எமக்கு ஒரு மயக்கமும் உண்டு. எமது சொல் எமக்கு அடைக்கலம் தந்தது போல, எதிரிக்குத் தண்டனையும் தரப் போதும் என்று நினைக்கிறோம். போதாது. ஒருவரைக் காப்பாற்றப் போதுமான சான்று இன்னொருவரைத் தூக்கிலிடப் போதுமானதல்ல. இந்த வித்தியாசத்தை மறந்தால் நாமும் கழுத்தில் தொங்கவிட மட்டை தேடுவோம்.

அப்படியானால் மாமிக்கு என்ன சொல்வது? 1933 இல் கொழும்பில் ஸ்டீபன் செனிவிரத்ன என்பவரின் மனைவி வீட்டில் இறந்தார். குளோரோபோர்ம் கொடுத்துக் கொன்றதாக அவர் மேல் வழக்கு. ஜூரி குற்றவாளி என்றது. 1936 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது. எமது சாட்சியச் சட்டத்தின் 106 ஆம் பிரிவு, ஒருவருக்கு மட்டுமே விசேடமாகத் தெரிந்த விடயத்தை நிரூபிக்கும் பாரம் அவர் மேல் என்கிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, நீ வீட்டில் இருந்தாய், ஆகவே நீயே விளக்கு என்று கொலைக்குற்றத்தின் முழுப் பாரத்தையும் ஒருவர் தலையில் போட முடியாது. முதலில் வழக்குத் தொடுப்பவர் தன் பங்கை நிரூபிக்க வேண்டும். சரியான சட்டம்தான்.

மாமியின் பங்கு என்ன? எந்த நாள், எந்தச் சந்தி, எந்த வாகனம், பக்கத்தில் நின்றவர் யார் யார். அவ்வளவும் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்தவர்கள் கொண்டுபோனவர்கள் மட்டுமே. உயிரோடு பலர் பார்க்கக் கொண்டுபோன பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு வைத்தியர் பதில் சொல்லத் தேவையில்லை. அவனைப் பொறுப்பெடுத்தவர் சொல்ல வேண்டும். செனிவிரத்னவைக் காப்பாற்றிய அதே நீதிதான் இதையும் கேட்கிறது.

இரண்டு கிழமை கழித்து மாமியை அதே இடத்தில் கண்டோம். பூசணிக்காய்கள் குவிந்திருந்தன. நாமே கிட்டப் போனோம்.

"மாமி, அண்டைக்குக் கேட்டியள். என்னத்தாலை எண்டு நீங்கள் சொல்லத் தேவையில்லை. எப்ப, எங்கை, ஆர் கொண்டுபோனது எண்டு கண்டதை மட்டும் ஒரு கொப்பியிலை எழுதி வையுங்கோ. ஆரும் சொல்லக் கேட்டதை எழுதாதையுங்கோ. கூட நிண்ட ஆக்களின்ரை பேரையும் எழுதுங்கோ."

"எனக்குக் கை நடுங்குது மோனை. நீ எழுதுவியோ?"

ஞாயிற்றுக்கிழமை உணவகத்தில் எமக்கு ஓய்வு. போனோம். இரண்டு மணித்தியாலம் எழுதினோம். ஓரிடத்தில் மாமி, "பச்சை நிற ட்ரக்காம்" என்றார். பேனாவை நிறுத்தி, "நீங்கள் கண்டனீங்களோ மாமி?" என்று கேட்டோம். கொஞ்சநேரம் யோசித்தார். "இல்லை. நான் கண்டது அவன்ரை முதுகைத்தான்."

அதை எழுதினோம். வீட்டுக்கு வந்து, இன்னொரு கொப்பியை எடுத்து, 2007 என்று தலைப்பிட்டு, யன்னலால் நாம் கண்டதை எழுதத் தொடங்கினோம். முதல் வரியில் எமது பெயரை எழுதவே வெகுநேரம் சென்றது.